பூனைக் கிடாவும் செம்புக் குவளையும்

ஒத்தக்கடை ஜோசபின் ஒருநாள் சாயங்காலம் கலக்கிய குவளையை மொட்டை மாடியிலிருந்து யானைமலைப் பக்கமாக நீட்டியபோது, யுக யுகமாகப் படுத்துக் கிடக்கும் அந்தக் கல் யானை தும்பிக்கையால் மோந்து பார்த்து, ஒரு காலை எடுத்து முன்னே வைத்துவிட்டது. சரி, காலை எடுக்கவில்லை. காதை மட்டும் ஆட்டியது. அதுவும் இல்லையென்று சாதிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க இப்போது நேரமில்லை. மலை அசையாமலே இருந்துவிட்டுப் போகட்டும். மலையைக் காட்டிலும் கெட்டியாக நின்ற ஒரு மனுசனை அவள் குவளை அசைத்தது என்பதில் மட்டும் பொட்டளவும் பொய் கிடையாது.

ஜோசபின் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வேதியியல் டீச்சர். மேலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லூரிப் பிள்ளைகள் பரோட்டாவுக்குக் கூடுகிற கடைகளைத் தாண்டி உள்ளே நடந்தால், நேற்று வரை வயலாக இருந்து இன்று நகர் ஆகிவிட்ட மனைகளுக்கு நடுவில் அவள் வீடு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் ஜேசுராஜ், பொழுது சாய்ந்தால் மாடிக்குப் போய், பிராந்தியில் தண்ணீரை ஊற்றி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒரே மடக்கில் உள்ளே இறக்கிவிட்டு ஊறுகாயைத் தேடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பார்த்த காட்சிதான். கொரோனா ஊரடங்கில், பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் போனதால், அதை உற்றுப் பார்த்தாள்.

"இது என்னங்க, பேதி மருந்தா? ஆசைப்பட்டுத்தானே குடிக்கிறீங்க? அப்புறம் எதுக்கு அடி வாங்குன மாதிரி மூஞ்சி போகுது?"

"சரக்குன்னா அப்படித்தான் இருக்கும் ஜோசு."

"அப்படின்னு யாரு சொன்னா? கரைசல் சரியில்லைன்னா கலக்குனவன் மேல தப்பு."

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்தக் கிறுக்கு. கைபேசியில் எங்கெங்கோ உள்ள ஆட்கள் காக்டெயில் கலக்குவதைப் பார்த்தாள். கொஞ்ச நாள் அவர்களைக் குறை சொன்னாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

முதலில் விஸ்கி சவர். விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. எல்லாவற்றையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கியதில் மூடி பறந்து மின்விசிறியில் பட்டு, வெள்ளைக் கரு ஜேசுராஜின் வழுக்கையில் வந்து இறங்கியது. "ஆம்லெட்டா? வெங்காயம் போடலையே" என்றார் மனுசர். மறுநாளே திருகு மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் வந்துவிட்டது. அளவுக்கு இருமல் மருந்து மூடி. ஐஸை டம்ளரில் கட்டியாக உறையவைத்து, துணிப் பையில் போட்டு, சப்பாத்திக் கட்டையால் சாத்துவாள். அந்தச் சத்தம் கேட்டால் தெருவுக்கே தெரியும், டீச்சர் கடை விரித்துவிட்டாள் என்று.

ஓல்டு ஃபேஷன்ட் என்றொரு பழைய பானம். அதற்குக் கசப்புச் சொட்டு வேண்டும். மதுரைக் கடைகளில் கேட்டால் கஷாயப் பொடியை எடுத்துக் கொடுத்தார்கள். ஜோசபின் அதற்கெல்லாம் அசருகிறவளா? சித்திரையில் தெரு வேப்பமரத்தடியில் பழைய போர்வையை விரித்துப் பூவைப் பிடித்தாள். கமலாப்பழத் தோலும் கிராம்பும் சேர்த்து ரம்மில் ஊறப்போட்டாள். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் ஊறப்போட்டது. அவர் மலைக்குத் திரும்பி அலுப்புத் தீர்ந்து உட்கார்ந்த பிறகுதான் வடிகட்டினாள். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டுக் குழாயால் ரெண்டே சொட்டு. ஜேசுராஜ் குடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணைத் திறந்தபடியே இருந்தார்.

"இனிப்பும் புளிப்பும் மாமியா மருமக மாதிரிங்க," என்று விளக்கம் சொன்னாள். "ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா நடுவுல கசப்பு ஒண்ணு உக்காந்திருந்தாத்தான் ரெண்டும் அடங்கி இருக்கும்."

அதற்கப்புறம் பருவத்துக்கு ஒன்று என்று ஆகிப்போனது. வெயிலுக்கு நுங்கை நசுக்கிப் போட்ட ஜின். ஆடியில் நாவல்பழம், அதைக் குடித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்க ஜேசுராஜ் நாக்கை நீட்ட, ஊதா நிறத்தைக் கண்ட சாமியார் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றதாம். ஐப்பசி அடைமழைக்குச் சுக்கும் கருப்பட்டியும் மிளகும் கொதிக்கவைத்த சுடு ரம். தையில் கரும்புச் சாறு. தோற்றதும் உண்டு. மதுரை மல்லியைப் பாகில் ஊறவைத்து ஒன்று செய்தாள். "கல்யாண வேன்ல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்று ஜேசுராஜ் சொன்னதும், குவளையைப் பிடுங்கி ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டாள். அந்த ரோஜா பிறகு மல்லி வாசத்தோடு பூத்ததாகச் சொல்வார்கள். நம்புவது அவரவர் இஷ்டம்.

அவள் மாடிக்கு ஒரு சட்டம் இருந்தது. படி ஏறி முடிக்கிற இடத்தில் சுவரில் ஓர் ஆணி. வண்டியில் வந்தவர் சாவியை அதில் மாட்டினால்தான் குவளை கைக்கு வரும். குவளையும் ஆளுக்கு ஒன்றே ஒன்றுதான். பிறகு வயிறாரச் சாப்பிட்டு, ஆள் தெளிவாக இருப்பதை அவள் கண்ணால் கண்ட பிறகே ஆணியிலிருந்து சாவி இறங்கும். "சாப்பிட்டாத்தான் சாவி" என்பாள், பரீட்சைக் கூடத்தில் தாளைப் பிடுங்குகிற அதே குரலில். பெரிய பெரிய மீசைகள் எல்லாம் அந்த ஆணிக்கு முன்னால் தலை குனிந்திருக்கின்றன.

"டீச்சரம்மா வீட்ல பார் ஓடுதாமே?" என்று தெருவில் ஒருத்தி இழுத்தபோது, "ஓடல தாயி, உக்காந்துதான் இருக்கு. வந்தீங்கன்னா நீங்களும் உக்காந்துதான் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீடு பாண்டியம்மாளுடையது. அவள் புருசன் காசிமாயன் உசிலம்பட்டிக்கு மேற்கே காடு கரை உள்ளவர். விவசாயத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இங்கே மனை வாங்கி விற்கிறார். பாண்டியம்மாளுக்குக் குடி என்றாலே ஆகாது. ஆனால் சுவரைத் தாண்டி வருகிற வாசனை அவளை விடவில்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். "டீச்சரக்கா, எனக்கு அந்தச் சனியன் மட்டும் வேணாம். மத்த எல்லாத்தையும் ஊத்துங்க."

ஜோசபின் அவளுக்கென்று சனியன் இல்லாத குவளையை அதே அக்கறையோடு, அதே சம்படத்தில் குலுக்கிக் கொடுத்தாள். சாராயம் இருந்தால் எதையும் மூடி மறைத்துவிடலாம், இல்லாமல் ருசி காட்டுவதுதான் கை என்று அவளுக்கு அப்போது பிடிபட்டது.

பங்குனியில் ஒரு நாள் பாண்டியம்மாள் குவளையைத் தொடவே இல்லை. ஐஸ் உருகி நுங்கு மேலே மிதந்தது.

"என்ன பாண்டி, உப்பு கூடிருச்சா?"

"என் பொழப்புத்தான் உப்புக் கூடிக் கெடக்கு," என்றாள் அவள். சொல்ல ஆரம்பித்ததும் கண் கலங்கிவிட்டது.

அவளுக்கு ஒரே தம்பி, பேயாண்டி. மினி லாரி ஓட்டுகிறவன். முந்தின வருசம் அக்காள் மகள் அஸ்வினியின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். மேளதாளம், தாம்பாளத் தட்டுகள், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு ஒரு கிடா. காசிமாயன் அதற்குள் பந்தலுக்குப் பின்னால் ரெண்டு மூன்று மடக்கு போட்டிருந்தார். சீரை வரவேற்க வந்தவர் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் மாப்ள, கிடா கொண்டாரச் சொன்னா பூனையக் கொண்டாந்திருக்க?"

பந்தலே சிரித்தது. பேயாண்டி குனிந்தான். கிடாவின் கயிற்றை அவிழ்த்தான். வந்த வழியே, அதே தெருவில், கிடாவைக் கூட்டிக்கொண்டு நடந்தான். அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மேளக்காரர்கள் தெரு முக்கு வரைக்கும் அவனுக்குப் பின்னாலேயே அடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அக்காள் வீட்டில் அவன் கை நனைக்கவில்லை.

"இப்பச் சின்னவன் சூரியபிரகாஷுக்கு அழகர்கோவில்ல காது குத்து வச்சிருக்கு. மடி குடுக்க வாரேன்னுட்டான். மாமன் மடி இல்லாம நடக்காதுல்ல? ஆனா வாசப்படி மிதிக்க மாட்டானாம், சாப்பிட மாட்டானாம். அவன் அன்னைக்கும் கை நனைக்காமப் போயிட்டான்னா, எனக்குப் பெறந்த வீடு அம்புட்டுத்தான் டீச்சரக்கா."

"உங்க வாசப்படியத்தானே மிதிக்க மாட்டான்? என் மாடிப்படி?"

"அய்யய்யோ! ரெண்டு பேரும் குடிச்சா வெட்டுக் குத்துல நிக்கும்."

"மத்தவன் ஊத்துறதைக் குடிச்சா நிக்கும். நான் ஊத்துறேன். நீ கறியை மட்டும் பாத்துக்க."

ஜோசபினுக்கு அந்தப் பக்கத்து ஆண்களைப் பற்றி ஒன்று தெரியும். தொண்டை எரியவில்லை என்றால் அவர்கள் கணக்கில் அது சரக்கே அல்ல. எரிந்தால் எதுவும் சரக்கு. மாஸ்கோ மியூல் என்று ஒரு பானம் உண்டு. வோட்கா, எலுமிச்சை, காரமான இஞ்சிச் சோடா, செம்புக் குவளை. அவள் வோட்காவை விட்டுவிட்டாள். இஞ்சியை இரண்டு மடங்காக்கினாள், பச்சை மிளகாயைக் கீறி ஊறவைத்தாள், கருப்பட்டிப் பாகு விட்டாள், வேப்பம்பூச் சொட்டு விட்டாள். குவளையின் விளிம்பில் மட்டும் ரம்மைத் தடவி உப்பில் ஒற்றி எடுத்தாள். மூக்குக்கு வாசம், தொண்டைக்கு நெருப்பு. முதலில் ஜேசுராஜுக்குக் கொடுத்துப் பார்த்தாள். "இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றவர், பாதிக் குவளையில் மாதா பாட்டைப் பாட ஆரம்பித்தார். சோதனை முடிந்தது.

காது குத்து அன்று அழகர்கோவில் புளியமரத்தடியில் சொந்தம் பூராவும் கூடி நிற்க, பேயாண்டியின் மினி லாரி வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. உள்ளே கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கிடா. கொம்புக்குச் சாயம், கழுத்தில் மாலை, தாடி மட்டும் ஒரு முழம். தாடியை அரை முழம் என்று வைத்துக்கொண்டாலும் பயம் குறையாது.

பேயாண்டி அதைக் காசிமாயனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். "அதே பூனைதான் மச்சான். கொஞ்சம் பால் ஊத்துனேன்."

யாரும் சிரிக்கவில்லை. காசிமாயனின் மீசை ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது. பாண்டியம்மாள் ஜோசபினின் கையைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியேவிட்டது. ஆசாரி ஊசியை எடுத்ததும் சின்னவன் மாமன் மடியில் கிடந்து மலை எதிரொலிக்க அழுதான். பேயாண்டி அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சுடா மருமகனே, முடிஞ்சிருச்சு" என்று சொன்ன குரலில் மட்டும் கோபம் இல்லை. ஜோசபின் அதைக் குறித்துக்கொண்டாள்.

கிடாவைக் கருப்பருக்குப் பலி கொடுத்த பிறகு, கறியும் அண்டாவும் பேயாண்டியின் வண்டியிலேயே ஒத்தக்கடைக்கு வந்தன. சாமான்களை இறக்கிவிட்டு, வண்டியில் சாய்ந்தபடி தெருவிலேயே நின்றான், வெயிலில், தலையில் துண்டோடு.

மாடியிலிருந்து குரல் வந்தது. "தம்பி, ஏன் காயுறீங்க? மேல வாங்க. இது என் வீடு. உங்க மச்சான் வீடு அந்தப் பக்கம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறி வந்தான். மேலே காசிமாயன் ஏற்கனவே மலையைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேயாண்டி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"சாவி," என்று கையை நீட்டினாள் ஜோசபின்.

"எதுக்கு?"

"இந்த மாடிச் சட்டம். சாவி ஆணிக்கு, குவளை கைக்கு."

"கொடுத்துருங்க தம்பி," என்றார் ஜேசுராஜ். "நான் வீட்டுக்காரன். என் சைக்கிள் சாவியே அங்கதான் தொங்குது."

சாவி ஆணியில் ஏறியது. பந்தி போடுகிற வரைக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆளுக்கு ஒரு குவளை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் அளந்து ஒரு மூடி வோட்கா. இந்த இரண்டு பேருக்கு மட்டும் தனிச் சம்படம். அவள் அவசரப்படவில்லை. ஐஸைப் பையில் போட்டுச் சாத்தினாள், எலுமிச்சையை உருட்டிப் பிழிந்தாள், தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினாள். ஆளுக்கு ஒன்று வந்து சேர்வதற்குள் வாய்ச்சண்டைக்கு வந்தவனுக்கே வாய் வறண்டுபோகும்.

காசிமாயன் முதல் மடக்கை விழுங்கினார். கண் பிதுங்கியது. "ஆத்தாடி! டீச்சர், இது மிலிட்டரி சரக்கா?"

"அதுக்கும் மேல," என்றாள் ஜோசபின்.

பேயாண்டி விழுங்கிவிட்டு, குவளைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். இருமினான். மறுபடி குடித்தான்.

பாதிக் குவளையில் காசிமாயனின் மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்தன. பச்சை மிளகாய் செய்த வேலை அது. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்ட பிறகு அதை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"மாப்ள."

முதுகு இன்னொரு மடக்குக் குடித்தது.

"மாப்ள, நீ அன்னைக்குக் கொண்டாந்தது பூனை இல்லடா. நான்தான் நாயி. கொரைச்சிட்டேன்."

பேயாண்டி எழுந்தான். எழுந்தவன் தள்ளாடினான். "டீச்சர், சாவியக் குடுங்க. நான் போறேன்."

"சாப்பிட்டாத்தான் சாவி."

"அப்ப இங்கனயே ஒரு வாய் போடுங்க."

"என் வீட்ல இன்னைக்கு உலை வைக்கல தம்பி. சோறு அந்தப் பக்கம்."

கீழே பாண்டியம்மாள் கையில் தண்ணீர்ச் செம்போடு, மாடியைப் பார்த்தபடி, முற்றத்தில் நின்றாள். பேயாண்டி ஆணியைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியில் இறங்க ஆரம்பித்தான். "மாப்ள, விழுந்துருவ, பொறு!" என்று காசிமாயன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார்; அவரும் தள்ளாடினார். ஒரு சொட்டு சரக்கு உள்ளே இறங்காத இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருத்தர் விழாமல் ஒருத்தர் தாங்கிக்கொண்டு, தெருவே பார்க்க அந்த வாசப்படியைத் தாண்டினார்கள். பாண்டியம்மாள் தம்பி கையில் தண்ணீரை ஊற்றினாள். கை நனைந்தது. இலையில் முதலில் ஈரலை வைத்தாள், அப்புறம் கறி, அப்புறம் மறுபடி கறி.

"போதும்க்கா."

"சும்மா இருடா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் மாடியில் ஜோசபின் தனக்கென்று ஒரு குவளை கலக்கி மலைப் பக்கமாக நீட்டினாள். இதில் வோட்கா இருந்தது. யானைமலை காதை ஆட்டியது அப்போதுதான்.

ஐப்பசி வந்தது. அடைமழை. மாடித் தகரக் கொட்டகைக்கு அடியில் சுக்கும் கருப்பட்டியும் கொதித்தன. காசிமாயன், பாண்டியம்மாள், சுமை இறக்கிவிட்டு வந்த பேயாண்டி, எல்லாரும் இருந்தார்கள். சுடு ரம் உள்ளே போன தெம்பில் ஜேசுராஜ் வாயைத் திறந்துவிட்டார்.

"என் பொண்டாட்டி மாதிரி ஒருத்தி உண்டா? வெறும் இஞ்சியையும் மொளகாயையும் ஊத்தி, ரெண்டு பேருக்கும் மப்பு ஏத்தி, ஒரு சாவியை ஆணியில மாட்டி, ஒரு குடும்பத்தையே சேத்து வச்சுட்டா!"

காசிமாயன் துள்ளி எழுந்தார். "பொய்யி! அண்ணே, எனக்கு மறுநா காலைல தலைவலி இருந்துச்சு!"

"அது மச்சானுக்கு எப்பவும் உள்ளதுதான்," என்றான் பேயாண்டி. அவன் கையில் இருந்தது சனியன் இல்லாத குவளை. அதைக் கீழே வைத்தான். "அண்ணே, டீச்சரக்கா கை பெரிய கைதான். அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா கதையில ஒரு திருத்தம் இருக்கு. கிடாவ அவுத்துக்கிட்டுப் போன அன்னைக்கே நான் குடிய விட்டுட்டேன். அன்னைக்கு மாடியில உக்காந்தப்ப, இதுல என்ன ஊத்திருந்தாலும் ஒரு வாய் குடிச்சுத்தான் ஆகணும், இல்லாட்டி அக்கா வீட்டுக்குப் போக வழி இல்லைன்னு கும்புட்டுக்கிட்டே மடக்குனேன். உள்ள போனா வெறும் இஞ்சித்தண்ணி."

"அப்ப தள்ளாடுனது?" என்றாள் ஜோசபின்.

"தெளிவா இருக்குற மனுசன் எப்படிக்கா ரோஷத்த விட்டுட்டு எறங்குறது?"

"எப்படியோ, என் சாவிச் சட்டந்தானே உங்களைப் போக விடாம நிறுத்துச்சு?"

பேயாண்டி சட்டையைக் கொஞ்சம் தூக்கினான். இடுப்பில், அரைஞாண் கயிற்றில், இன்னொரு சாவி தொங்கியது.

"லோடு வண்டிக்காரன் எவன்க்கா ஒத்தச் சாவியோட ஊரு தாண்டுவான்? இது அன்னைக்கும் இங்கனதான் கெடந்துச்சு."